கையெழுத்து அவருடையது, அதிகாரம் யாருடையது?

போர்டு மீட்டிங் முடிந்ததும் சேர்மன், "சரி, முடிச்சுக்கலாம்" என்பார். எல்லோரும் எழுந்து காபி பக்கம் போவார்கள். ஒருவர் மட்டும் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டு தன் மேசைக்கு விரைவார். பங்குச்சந்தையில் பட்டியலிட்ட கம்பெனியின் போர்டு முக்கியமான முடிவு எதையாவது எடுத்திருந்தால், கூட்டம் முடிந்த 30 நிமிடத்துக்குள் அது சந்தைக்குத் தெரிந்தாக வேண்டும். சந்தை நேரத்துக்குப் பிறகு கூட்டம் முடிந்தால் 3 மணி நேரம் என்ற சலுகை 2024 டிசம்பரில்தான் வந்தது.

அந்த 30 நிமிடம் எப்படி ஓடும் என்று உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆடிட்டர் கையெழுத்திட்ட பக்கம் ஸ்கேன் ஆகி வர வேண்டும். அதில் ஒரு எண் போர்டில் காட்டிய எண்ணோடு ஒத்துப்போகாது. நிதிப் பிரிவுக்கு போன் போட்டால் எடுக்க மாட்டார்கள், அவர்களும் காபி குடித்துக்கொண்டிருப்பார்கள். டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கனைச் சொருகினால் கம்ப்யூட்டர் அடையாளம் காணாது. பிஎஸ்இ, என்எஸ்இ என்ற இரண்டு பங்குச்சந்தைகளுக்கும் தனித்தனித் தளம், இரண்டிலும் ஏற்ற வேண்டும். கடைசியில் 27ஆவது நிமிடத்தில் ஏறிவிடும். அந்த அறிவிப்பின் அடியில் இருக்கும் பெயர், "கம்பெனி செக்ரட்டரி மற்றும் கம்ப்ளையன்ஸ் ஆஃபீசர்". கம்பெனி சட்டதிட்டப்படி நடக்கிறதா என்று பார்த்துக்கொள்பவர்.

இந்த நாற்காலியில் பல வருடம் உட்கார்ந்தவன் நான். அதனால் இந்த வேலை எப்படி மாறிக்கொண்டு வருகிறது என்பதை வெளியாளாக நின்று என்னால் எழுத முடியாது. நான் பார்த்தவரை, இந்தப் பதவியின் பொறுப்பு வேகமாக வளர்ந்துவிட்டது. அந்தப் பொறுப்பைத் தாங்குவதற்கான அதிகாரம் சில இடங்களில் மட்டும்தான் கூடவே வளர்ந்திருக்கிறது.

கம்ப்ளையன்ஸ் என்பதைத் தமிழில் 'இணக்கம்' என்று எழுதுகிறார்கள். அலுவலகத்தில் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. கோவையிலோ அம்பத்தூரிலோ ஒரு தொழிற்சாலையில் 'கம்ப்ளையன்ஸ்' என்றால், 15ஆம் தேதிக்குள் பிஎஃப், இஎஸ்ஐ கட்டுவது, தொழிற்சாலை லைசென்ஸைப் புதுப்பிப்பது, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி காலாவதியாகாமல் பார்ப்பது. மனிதவளப் பிரிவின் சுவரில் தேதிகள் எழுதிய ஒரு வெள்ளைப் பலகை இருக்கும். கம்பெனி சட்டத்தின் பக்கம் போனால், ஆண்டறிக்கையைப் பதிவாளரிடம் காலத்தில் தாக்கல் செய்ய வேண்டும், தவறினால் ஒரு நாளைக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம். தேதி தப்பாமல் பார்த்துக்கொள்பவர் நல்ல கம்ப்ளையன்ஸ் ஆள். அந்தத் தேதிகளுக்குப் பின்னால் இருக்கும் கணக்கு உண்மையா என்று அவர் கேட்க வேண்டும் என யாரும் எதிர்பார்க்கவில்லை.

2009 ஜனவரி 7 அன்று சத்யம் கம்ப்யூட்டர்ஸின் சேர்மன் ராமலிங்க ராஜு எழுதிய கடிதம் அந்த எதிர்பார்ப்பை மாற்றியது. கணக்கில் காட்டிய பணத்திலும் வங்கி இருப்பிலும் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று அவரே எழுதினார். சத்யத்தில் கணக்குகளைக் கண்காணிக்கும் போர்டு குழுவான ஆடிட் கமிட்டி இருந்தது, சுயேச்சை இயக்குநர்கள் இருந்தார்கள், உலகப் பெயர் பெற்ற ஆடிட்டர் நிறுவனம் இருந்தது, படிவங்களும் தாக்கலாகிக்கொண்டிருந்தன. எல்லாக் கட்டத்திலும் டிக் விழுந்திருந்தது. பணம்தான் இல்லை. அதன்பின் வந்த 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டம், பட்டியலிட்ட கம்பெனிகளில் எம்.டி.யோடும் நிதி அதிகாரியோடும் கம்பெனி செக்ரட்டரியையும் முக்கிய நிர்வாகப் பொறுப்பாளர் வரிசையில் உட்கார வைத்தது. கம்பெனி எல்லாச் சட்டங்களையும் பின்பற்றுகிறதா என்று போர்டுக்கு அறிக்கை கொடுப்பது அவர் கடமை என்று எழுதியது. உள்ளிருந்து புகார் சொல்பவர்களுக்கு ஒரு வழி வைக்கச் சொன்னது.

அமெரிக்காவில் இந்தக் கதை வேறு மாதிரி தொடங்கியது. 1991இல் அங்கே நிறுவனங்களுக்குத் தண்டனை விதிப்பதற்கான வழிகாட்டு நெறிகள் வந்தன. தவறு நடந்தபோதும், அதைத் தடுக்கவும் கண்டுபிடிக்கவும் உருப்படியான ஓர் ஏற்பாடு கம்பெனியிடம் முன்பே இருந்திருந்தால் அபராதம் குறையும் என்றது அது. கம்ப்ளையன்ஸ் என்பது வெறும் செலவு என்று நினைத்த முதலாளிகளுக்கு, அதில் பணம் மிச்சமாகும் என்று முதல்முறையாகக் கணக்கில் காட்டியது. ஜெர்மனியின் சீமென்ஸ் 2008இல் உலகம் முழுக்க லஞ்சம் கொடுத்த வழக்கில் அமெரிக்காவுக்கும் ஜெர்மனிக்கும் சேர்த்துச் சுமார் 160 கோடி டாலர் கட்டியது. பெரிய கம்பெனிகள் கம்ப்ளையன்ஸ் பிரிவுக்கு நூற்றுக்கணக்கில் ஆள் எடுக்கத் தொடங்கிய காலம் அது.

இந்த அமெரிக்கச் சட்டம் நமக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதை உணர்த்தியது சென்னையில் எழும்பிய ஒரு கட்டடம்.

அமெரிக்க ஐ.டி. நிறுவனமான காக்னிசன்ட் சென்னையில் ஒரு பெரிய வளாகம் கட்டியது. 2014இல் அதன் திட்ட அனுமதிக்காகத் தமிழகத்தில் ஒரு மூத்த அரசு அதிகாரி லஞ்சம் கேட்டார் என்றும், சுமார் 20 லட்சம் டாலர் கட்டுமான ஒப்பந்ததாரர் வழியாகப் போனது என்றும் அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் பிறகு சொன்னது. ஒப்பந்ததாரருக்கு அந்தப் பணத்தை ஈடுகட்டிய வழியைத்தான் இந்தத் தொழிலில் இருக்கும் ஒவ்வொருவரும் உற்றுப் பார்க்க வேண்டும். கட்டட வேலையில் திட்டத்தில் இல்லாத கூடுதல் வேலை வந்தால் ஒப்பந்ததாரர் 'சேஞ்ச் ஆர்டர்' போட்டுக் கேட்பார். அது அன்றாடம் நடக்கிற காரியம். அந்த சேஞ்ச் ஆர்டர்களுக்குள் லஞ்சப் பணத்தை வேறு வேறு வேலையின் பெயரில் பிரித்துச் சொருகினார்கள் என்பதுதான் குற்றச்சாட்டு.

இதை ஒரு கம்ப்ளையன்ஸ் அதிகாரி கண்டுபிடிக்க முடியுமா? சட்டப் புத்தகத்தை மட்டும் படித்தவரால் முடியாது. அந்த பில்லை எடுத்துவைத்துக்கொண்டு, "இந்தக் கூடுதல் வேலைக்கு அளவு எடுத்தது யார்? எம்-புக்கில் (வேலை அளவுகளைக் குறிக்கும் புத்தகத்தில்) பதிவு எங்கே? வேலை நடந்த மாதம் ஒன்று, ஆர்டர் போட்ட மாதம் வேறொன்று, ஏன்?" என்று கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். இன்றைய கம்ப்ளையன்ஸ் வேலை கட்டட பில், ஏஜெண்ட் கமிஷன், கன்சல்டன்ட் கட்டணம் என்று வியாபாரத்தின் அடிமடியில் இருக்கிறது.

அந்த வழக்கு முடிந்த விதம் இன்னும் கவனிக்கத்தக்கது. கம்பெனி உள்விசாரணை நடத்தி, 2016 செப்டம்பரில் தானே முன்வந்து அறிவித்தது. 2019 பிப்ரவரியில் சுமார் 2.5 கோடி டாலர் கட்டி விவகாரத்தை முடித்துக்கொண்டது. தானாகச் சொன்னது, முழுமையாக ஒத்துழைத்தது, கம்ப்ளையன்ஸ் ஏற்பாடு இருந்தது ஆகியவற்றைக் கணக்கில் எடுத்து, கம்பெனி மீது குற்ற வழக்கு தொடர வேண்டாம் என்று அமெரிக்க அரசின் நீதித்துறை முடிவு செய்தது. ஆனால் வழக்கில் சிக்கிய தனிநபர்களில் ஒருவர் கம்பெனியின் அப்போதைய தலைவர், இன்னொருவர் தலைமைச் சட்ட அதிகாரி. இருவரும் குற்றச்சாட்டை மறுத்தார்கள். அமெரிக்க அரசு 2025 பிப்ரவரியில் வெளிநாட்டு லஞ்சச் சட்ட நடவடிக்கைகளை நிறுத்திவைத்தபின், ஏப்ரலில் அவர்கள் மீதான வழக்கும் கைவிடப்பட்டது. ஆகவே அவர்கள் குற்றவாளிகள் என்று சொல்ல இடமில்லை. ஆனாலும் சட்டப் பிரிவின் தலைவரே கேள்விக்குள்ளாகும் நிலை வந்தால், அவருக்குக் கீழே வேலை பார்க்கும் கம்ப்ளையன்ஸ் அதிகாரி யாரிடம் போய்ச் சொல்வார்? கம்ப்ளையன்ஸ் பிரிவைச் சட்டப் பிரிவுக்குள் வைப்பது சரியா என்ற பழைய விவாதம் இப்படிப்பட்ட இடத்தில்தான் உயிர் பெறுகிறது. என் கருத்து, வைக்கக் கூடாது என்பதுதான். கம்பெனியைக் காப்பாற்ற வாதாடுவது வக்கீலின் வேலை. கம்பெனி தப்பு செய்கிறதா என்று பார்ப்பது வேறு வேலை. ஒரே ஆள் இரண்டையும் மனசாட்சியோடு செய்வது கடினம்.

"அமெரிக்காவே விட்டுட்டான், நமக்கென்ன?" என்று சில மீட்டிங்குகளில் இப்போது பேச்சு அடிபடுகிறது. நம் ஊழல் தடுப்புச் சட்டத்தை மறந்துவிட்டுப் பேசுகிறார்கள். 2018 திருத்தத்துக்குப் பிறகு, கம்பெனிக்காக யாராவது லஞ்சம் கொடுத்தால் கம்பெனியே குற்றவாளி. தடுக்கப் போதுமான நடைமுறை இருந்தது என்று நிரூபிப்பதுதான் அதற்குத் தற்காப்பு. அந்த நடைமுறையை யார் எழுதி, யார் நடத்தி, யார் ஆவணத்தில் வைத்திருப்பார்?

பொறுப்பு தனிநபர் மேல் எப்படி இறங்கியது என்பதற்கு மூன்று சம்பவம் போதும். பணம் அனுப்பும் சேவையான மணிகிராமின் முன்னாள் தலைமைக் கம்ப்ளையன்ஸ் அதிகாரி மீது, மோசடிப் புகார்கள் குவிந்த ஏஜெண்ட்கள் மேல் நடவடிக்கை எடுக்கவில்லை என்று அமெரிக்க அரசு 2014இல் 10 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. 2017இல் இரண்டரை லட்சம் டாலருக்கும், 3 ஆண்டுகள் பணம் அனுப்பும் நிறுவனங்களில் கம்ப்ளையன்ஸ் வேலை பார்க்கக் கூடாது என்ற தடைக்கும் சமரசம் ஆனது. கட்ட வேண்டியது அவர், கம்பெனி இல்லை.

நம் நாட்டில் டெக்கான் குரோனிக்கிள் பைபேக் வழக்கு. கடனைக் குறைத்துக் காட்டிய கணக்கின் அடிப்படையில் பங்குகளைத் திரும்ப வாங்குவதாக அறிவிப்பு வந்தது. அதில் கையெழுத்திட்ட கம்பெனி செக்ரட்டரிக்கு, பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி அபராதம் போட்டது. கம்ப்ளையன்ஸ் அதிகாரியின் வேலை முதலீட்டாளர் குறைகளைத் தீர்ப்பதுதான் என்று மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சுருக்கிப் பார்த்தது. 2022இல் உச்ச நீதிமன்றம் அந்தக் குறுகிய பார்வையை ஏற்காமல், வழக்கை மறுபடி பார்க்கச் சொல்லி அனுப்பியது. "நான் தபால்காரர் மட்டும்தான்" என்று இனி ஒரு செக்ரட்டரி சொல்ல முடியாது.

மூன்றாவது, 2021இல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள். 50 லட்சம் பயனர்களுக்கு மேல் உள்ள சமூக ஊடகங்கள் இந்தியாவில் வசிக்கும் ஒரு தலைமைக் கம்ப்ளையன்ஸ் அதிகாரியை வைக்க வேண்டும், விதி மீறினால் அவர் வழக்கைச் சந்திக்க வேண்டும் என்றது. ட்விட்டர் அந்த இடத்தில் ஒப்பந்த ஊழியர் ஒருவரை உட்கார வைத்தபோது டெல்லி உயர் நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது, பிறகு நிரந்தர ஆளைப் போட்டார்கள். இந்த மாதிரிப் பதவி எனக்கு உறுத்துகிறது. முடிவெடுப்பவர்கள் கலிஃபோர்னியாவில் இருப்பார்கள், கைது பயம் குருகிராமில் இருப்பவருக்கு. கம்பெனியைப் பணிய வைக்க ஒரு ஆளைப் பிணையாக வைப்பதும், அந்த ஆளுக்குக் கம்பெனியைத் திருத்தும் பலம் கொடுப்பதும் ஒன்றாகாது.

பலம் கொடுப்பது எப்படி என்பதை நம் நாட்டில் தெளிவாக எழுதியது ரிசர்வ் வங்கி. 2020 செப்டம்பர் 11 அன்று வங்கிகளுக்கு வந்த சுற்றறிக்கை நீளமானதில்லை, ஆனால் எழுதியவர்கள் ஆபீஸ் அரசியலை நன்றாக அறிந்தவர்கள் என்பது வரிக்கு வரி தெரியும். தலைமைக் கம்ப்ளையன்ஸ் அதிகாரிக்குக் குறைந்தது 3 ஆண்டு நிலையான பதவிக்காலம். ஜெனரல் மேனேஜர் அந்தஸ்து, அல்லது தலைமை நிர்வாகியிலிருந்து இரண்டு படிக்குக் கீழே போகக் கூடாது. 15 ஆண்டு அனுபவம். இடையில் அவரை மாற்றவோ நீக்கவோ போர்டின் ஒப்புதல் வேண்டும், ரிசர்வ் வங்கிக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். வியாபார இலக்கு எதையும் அவர் தலையில் கட்டக் கூடாது. இன்னொரு பிரிவின் பொறுப்பைச் சேர்த்துக் கொடுக்கக் கூடாது.

இவை எல்லாவற்றையும் விட நான் மதிப்பது இன்னொரு விதியை. அவர் எம்.டி.க்குக் கீழே வேலை செய்தால், ஆடிட் கமிட்டி மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவரைத் தனியாகச் சந்திக்க வேண்டும். எம்.டி. உட்பட மூத்த நிர்வாகிகள் யாரும் அந்த அறையில் இருக்கக் கூடாது. எம்.டி. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது, "ஏதாவது பிரச்சினை உண்டா?" என்று கேட்டால் யாராக இருந்தாலும் "ஒண்ணுமில்லை சார்" என்றுதான் சொல்வார்கள். கதவை மூடிவிட்டு அதே கேள்வியைக் கேட்டால் பதில் மாறும்.

2022 ஏப்ரலில் இதே சட்டகம் பெரிய வங்கிசாரா நிதி நிறுவனங்களுக்கும் வந்தது. ரிசர்வ் வங்கி இந்த நிறுவனங்களை அடுக்கடுக்காகப் பிரித்திருக்கிறது; மேலடுக்கு நிறுவனங்களுக்கு 2023 ஏப்ரல் 1, நடு அடுக்குக்கு அக்டோபர் 1 என்று கெடு வைத்தார்கள். வாகனக் கடன் கொடுத்து வளர்ந்த பல கம்பெனிகள் சென்னையைச் சேர்ந்தவை. ஸ்ரீராம், சோழமண்டலம் எல்லாம் அந்த மேலடுக்குப் பட்டியலில் வந்தவை. பிறகு 2024 ஜனவரியில், கம்ப்ளையன்ஸை எக்செல் ஷீட்டிலும் மெயிலிலும் நடத்திக்கொண்டிருக்காமல் அதற்கென்று மென்பொருள் வையுங்கள் என்றும் ரிசர்வ் வங்கி சொன்னது. எந்தக் குறை எத்தனை நாளாக நிலுவையில் இருக்கிறது என்று மேல்நிலை நிர்வாகிகள் ஒரே திரையில் பார்க்க முடிய வேண்டும் என்பது நோக்கம். அதே மாதக் கடைசியில்தான் பேடிஎம் பேமென்ட்ஸ் வங்கி புதிதாக டெபாசிட் வாங்கக் கூடாது என்ற உத்தரவும் வந்தது. தொடர்ந்து விதிகளைப் பின்பற்றாததே காரணம் என்று ரிசர்வ் வங்கி சொன்னது. கம்ப்ளையன்ஸ் குறை ஒரு வங்கியின் வியாபாரத்தையே நிறுத்தும் என்பதை நாடே பார்த்தது.

வங்கிக்கு வெளியே உள்ள பட்டியலிட்ட கம்பெனிகளில் நிலைமை இவ்வளவு தெளிவாக இல்லை. 2024 டிசம்பர் திருத்தத்தில் செபி ஒரு நல்ல அடி எடுத்து வைத்தது. கம்ப்ளையன்ஸ் அதிகாரி முழுநேர ஊழியராக இருக்க வேண்டும், போர்டுக்கு ஒரு படிக்குக் கீழே போகக் கூடாது, முக்கிய நிர்வாகப் பொறுப்பாளராக இருக்க வேண்டும் என்றது. அந்தஸ்து வந்துவிட்டது. ஆனால் ரிசர்வ் வங்கி சொன்ன மாதிரி நிலையான பதவிக்காலமோ, ஆடிட் கமிட்டியுடன் கதவடைத்த சந்திப்போ அங்கே இல்லை.

இதில் உள்ள சிக்கலை ஒரு சின்ன விஷயத்தில் பார்க்கலாம். வெளியே வராத உள்தகவலை வைத்துப் பங்கு வியாபாரம் செய்வதைத் தடுக்கும் செபியின் இன்சைடர் டிரேடிங் விதிப்படி, காலாண்டு முடிந்த நாளிலிருந்து முடிவுகள் வெளியாகி 48 மணி நேரம் வரை, உள்தகவல் தெரிந்தவர்களும் அவர்களின் நெருங்கிய உறவினர்களும் கம்பெனிப் பங்கை வாங்கவோ விற்கவோ கூடாது. இதற்கு 'டிரேடிங் விண்டோ மூடல்' என்று பெயர். மற்ற நாட்களில் குறிப்பிட்ட மதிப்புக்கு மேல் விற்க வேண்டுமானால் கம்ப்ளையன்ஸ் அதிகாரியிடம் முன்அனுமதி வாங்க வேண்டும். எம்.டி.யும் வாங்க வேண்டும். சம்பள உயர்வை முடிவு செய்பவர், தன் பங்கை விற்கலாமா என்று தனக்குக் கீழே வேலை பார்ப்பவரிடம் படிவம் நீட்டி நிற்கிறார்.

ஒரு கம்பெனியில் நான் இருந்தபோது, முதலாளியின் குடும்பத்தில் ஒருவர் விண்டோ மூடியிருந்த நேரத்தில் கொஞ்சம் பங்கை விற்றுவிட்டார். வேண்டுமென்று செய்யவில்லை, அவருடைய புரோக்கருக்குத் தெரியவில்லை. பட்டியலைச் சரிபார்க்கும்போது என் கண்ணில் பட்டது. விதிப்படி பங்குச்சந்தைக்குத் தெரிவிக்க வேண்டும். பெரியவர் கூப்பிட்டார்.

"என்னப்பா, சின்னத் தொகைதானே. இதையெல்லாம் எழுதணுமா?"

"எழுதித்தான் ஆகணும் சார். நாம எழுதினா இது தவறு. அவங்களா கண்டுபிடிச்சா மறைச்சதாகும்."

அவர் கோபப்படவில்லை. "சரி, எழுது" என்றார். எழுதினேன். சம்பளத்தில் கை வைக்கவில்லை, வேலையும் போகவில்லை. ஆனால் அடுத்த காலாண்டிலிருந்து போர்டு பேப்பர்கள் எனக்குக் கடைசியாக வரத் தொடங்கின. முன்பெல்லாம் பத்து நாள் முன்னால் வரும் வரைவு, மீட்டிங்குக்கு முந்தின ராத்திரி மெயிலில் வரும். நிதிப் பிரிவு நண்பர்கள் மதியச் சாப்பாட்டில் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். யாரும் உத்தரவு போட்டிருக்க மாட்டார்கள் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஒரு கம்ப்ளையன்ஸ் அதிகாரியை வெளியே அனுப்பத் தேவையே இல்லை, தகவல் வரும் வாய்க்காலை அடைத்தால் போதும் என்று அப்போதுதான் புரிந்தது. எந்த ஊழியரிடமும் பேசவும் எந்தக் கோப்பையும் பார்க்கவும் அவருக்கு அதிகாரம் உண்டு என்று ரிசர்வ் வங்கி தன் சுற்றறிக்கையில் தனியாக எழுதி வைத்ததன் அருமை, பிறகு அதைப் படித்தபோது எனக்கு நன்றாகவே தெரிந்தது.

உள்தகவல் யார் கையில் எப்போது போனது என்று பதிந்து வைக்கும் டிஜிட்டல் பதிவேடு இப்போது கட்டாயம். பெயர், பான் எண், தேதி எல்லாம் அதில் ஏற வேண்டும், பிறகு யாரும் மாற்ற முடியாதபடி குறைந்தது 8 ஆண்டு வைத்திருக்க வேண்டும். கம்பெனி ஒரு கையகப்படுத்தலுக்குப் பேச்சு நடத்தினால், வக்கீல், வங்கி ஆலோசகர், மொழிபெயர்ப்பாளர் வரை எல்லோர் பெயரும் அதில் இருக்க வேண்டும். ஆனால் அப்படி ஒரு பேச்சு நடக்கிறது என்று கம்ப்ளையன்ஸ் அதிகாரிக்கு யாராவது சொன்னால்தானே அவர் பதிய முடியும்!

கம்ப்ளையன்ஸ் அதிகாரிக்கு ஒரு கம்பெனியில் உண்மையில் என்ன மரியாதை என்று வெளியிலிருந்து எப்படித் தெரிந்துகொள்வது என்று பங்கு வாங்கும் நண்பர்கள் கேட்பார்கள். 2023லிருந்து அதற்கு ஒரு வழி உண்டு. கம்ப்ளையன்ஸ் அதிகாரி ராஜினாமா செய்தால், காரணத்தோடு அவர் எழுதிய கடிதத்தை, அவர் விலகிய 7 நாளுக்குள் கம்பெனி பங்குச்சந்தைக்குக் கொடுக்க வேண்டும். காலியிடத்தை 3 மாதத்துக்குள் நிரப்ப வேண்டும். பிஎஸ்இ தளத்தில் கம்பெனியின் பெயரைப் போட்டு, அறிவிப்புகள் பகுதியில் பின்னோக்கிப் போய்ப் பாருங்கள். பெரும்பாலான கடிதங்களில் "சொந்தக் காரணங்களுக்காக" என்ற ஒரு வரிதான் இருக்கும். அதை வைத்து மட்டும் எந்த முடிவுக்கும் வர முடியாது, நானும் அப்படி ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். ஆனால் இரண்டு வருடத்தில் மூன்று பேர் அதே வரியை எழுதிவிட்டுப் போயிருந்தால், அந்தத் தேதிகளை ஒரு தாளில் குறித்துக்கொண்டு, அவற்றுக்குப் பக்கத்திலேயே ஆடிட்டர் மாறிய தேதியையும், நிதி அதிகாரி விலகிய தேதியையும், புரமோட்டர் (கம்பெனியின் முதலாளி) பங்கை அடமானம் வைத்த தேதியையும் எழுதிப் பாருங்கள்.